கை நீட்டியதே இல்லை, பிறகு ஏன் இன்னும் பயப்படுகிறேன்?

கேள்வி: எனக்கு 34 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 9 வருட மண வாழ்க்கையில் என் சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான் இருந்தது, ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகும். ஆபீஸ் போனதும் சீட்டில் உட்கார்ந்து ஒரு போட்டோ, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு போட்டோ, கிளம்பும்போது ஒன்று அனுப்ப வேண்டும். 2 நிமிடம் தாமதமானால் ராத்திரி முழுக்க விசாரணை. அக்காவோடும் தோழிகளோடும் பேச்சு நின்றுபோனது. ஆனால் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. இப்போது 11 மாதமாக 6 வயது மகளுடன் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகளோடு பேச அவர் தினமும் போன் செய்வார். ஞாயிறு வந்து பார்ப்பார். போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. பால் வாங்கினால்கூட ரசீதை அப்பாவிடம் நீட்டுகிறேன், அவர் கேட்காமலே. சில ராத்திரி கணவர் நினைவு வந்து அழுகிறேன்; வெட்கமாக இருக்கிறது. ஒரு கவுன்சிலர் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்து 4 நாள் தூங்கவில்லை. இன்னொருவர், இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாம் என்கிறார். "அடிக்கலையே, அப்புறம் என்ன?" என்கிறார் அம்மா. நேற்று மகள் என் தட்டைப் பார்த்து, "அம்மா, அப்பாவுக்கு போட்டோ அனுப்பலையா?" என்றாள். எனக்கு என்ன சிகிச்சை, எத்தனை நாள்? எல்லாவற்றையும் மறுபடி சொல்லித்தான் ஆக வேண்டுமா?
ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்ந்து உட்கார்ந்து பேசும் யோசனையை முதலில் நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். இதில் மட்டும் நாள் கடத்த வேண்டாம். தம்பதி ஆலோசனை என்பது இருவராலும் பயமில்லாமல் வாய் திறக்க முடியும் என்ற நம்பிக்கையில் நடப்பது. நீங்கள் அந்த அறையில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கேட்கப்படும். அது தெரிந்திருப்பதால் உண்மையை முழுதாகச் சொல்ல மாட்டீர்கள். அவர் நிதானமாகப் பேசுவார், நீங்கள் அழுவீர்கள். எதிரே இருப்பவருக்கு யார்மேல் குறை இருப்பதாகத் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். ஆலோசகர் நல்ல எண்ணத்தோடுதான் கூப்பிட்டிருப்பார். ஆனாலும் கட்டுப்படுத்தி ஆளும் உறவில் இந்த முறை காயத்தைக் கூட்டும் என்பது இந்தத் துறையில் பழைய பாடம்.

நாளை குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் மனுப் போட்டால், 14-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் உங்களைத் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப முடியும். தனியாகத்தான் வேண்டும் என்று வக்கீல் மூலம் கேளுங்கள். சேர்த்தே நடத்தினாலும், செய்த வன்முறைக்கு நியாயம் சொல்லும் பேச்சை எதிர்த்தரப்பு அங்கே எடுக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது உங்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினரை எப்படிப் பணிய வைத்தார்கள் என்று ஆல்பர்ட் பிடர்மேன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1957-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆளைத் தனிமைப்படுத்துவது, கவனம் முழுவதையும் தன் மேலேயே வைத்திருக்கச் செய்வது, களைக்க வைப்பது, மிரட்டுவது, இழிவுபடுத்துவது, எல்லா அதிகாரமும் தன்னிடமே என்று காட்டுவது, அவ்வப்போது சின்னச் சலுகை கொடுப்பது, அற்பமான உத்தரவுகளை நிறைவேற்ற வைப்பது ஆகியவை அதில் இருந்தன. அடி முக்கியமான வழியாக அதில் இல்லை. அது தேவையே படவில்லை. அக்காவோடு பேச்சு நின்றது, ராத்திரி விசாரணை, டிபன் பாக்ஸ் போட்டோ என நீங்கள் எழுதியவற்றை அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். டிபனில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. மதியம் ஒரு மணிக்கு, அவர் பக்கத்தில் இல்லாதபோதும், உங்கள் கை அவர் சொன்னதைச் செய்கிறதா என்பதுதான் விஷயம்.

இதை இவான் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007-இல் ஒருவரின் சுதந்திரத்துக்கு எதிரான குற்றமாக விளக்கினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-இல் வந்த சட்டத்தின் 76-ஆம் பிரிவு, உடன் வாழ்பவரை இப்படிக் கட்டுப்படுத்துவதை 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும் தனிக் குற்றமாக்கியது. நம் நாட்டில் இந்தப் பெயரில் குற்றம் இல்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 3-ஆம் பிரிவில் மனரீதியான கொடுமையையும் பொருளாதாரக் கொடுமையையும் அடிக்குச் சமமாகவே வைத்திருக்கிறது. உங்கள் சம்பள கார்டு அவரிடம் இருந்தது அதில் அடங்கும். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வாதாட வேண்டாம். அந்தச் சக்தி வேறு வேலைக்குத் தேவை.

அவர் நினைவு வந்து அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 10 நாள் கடுமை, ஒரு நாள் மல்லிகைப் பூவும் சினிமாவும் என்று மாறி மாறி வந்தால், மனம் அந்த ஒரு நாளை எதிர்பார்த்தே பழகிவிடும். நிச்சயமாகக் கிடைக்கும் அன்பைவிட, எப்போது வரும் என்று தெரியாத அன்பு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பயமுறுத்துகிறவரும் ஆறுதல் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தப் பிடி இன்னும் வலுக்கும். 'காதல் இன்னும் இருக்கிறதோ, திரும்பிப் போக வேண்டுமோ' என்று இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ராத்திரிகளில் என்ன கிழமை, என்ன நடந்த நாள் என்று குறித்து வாருங்கள். பெரும்பாலும் தனிமையான நாளோ, அவர் போனில் கனிவாகப் பேசிய நாளோதான் இருக்கும்.

சிகிச்சைக்கு முன் மதிப்பீடு. படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டும் ரத்தசோகையும்கூடக் காரணமாகலாம். அந்த இரண்டு ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். பிறகு உளவியல் மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியல், பி.டி.எஸ்.டி. என்ற மனக்காய நோயோடு, நீண்ட காலம் தப்ப முடியாத சூழலில் இருந்தவர்களுக்கு வரும் சிக்கலான வகையையும் தனியாக வைத்திருக்கிறது. நினைவு திரும்பத் திரும்ப வருவது, தவிர்ப்பது, எப்போதும் உஷாராக இருப்பது என்ற மூன்றோடு, உணர்ச்சி கட்டுக்குள் நிற்காதது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், யாரோடும் நெருங்க முடியாதது ஆகியவையும் சேர்ந்தால் அது. அமெரிக்கப் பட்டியலான டி.எஸ்.எம்-5 உயிருக்கு ஆபத்து, படுகாயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கும். அதை வைத்து யாராவது 'உங்களுக்கு பி.டி.எஸ்.டி. இல்லை' என்று சொன்னால், உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை என்று பொருளாகாது. அதோடு, படுக்கையறையில் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்பதை யாருமே கேட்பதில்லை. இங்கே பதில் எழுத வேண்டியதில்லை. நம்பிக்கை வந்த ஒருவரிடம், நீங்கள் விரும்பும் நாளில் சொல்லலாம்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. மனநல மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மருந்து கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். நடுவில் சட்டென நிறுத்தக் கூடாது. அல்பிரஜோலம், குளோனஜெபம் வகைத் தூக்க மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அன்றைக்குத் தூங்க வைக்கும், ஆனால் பழக்கமாகும், சிகிச்சையில் கற்பதையும் மழுங்கடிக்கும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

இப்போது முக்கியமானது. ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992-இல் வகுத்துத் தந்த வரிசை இன்றும் பயன்படுகிறது: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகளைச் சொல்லித் துக்கம் கழிப்பது, பிறகு உறவுகளோடும் உலகத்தோடும் மறுபடி சேர்வது. முதல் கவுன்சிலர் இரண்டாவதில் ஆரம்பித்தார். அதனால்தான் 4 நாள் தூக்கம் போனது. சிகிச்சையே உங்களுக்கு ஒத்துவராது என்று நினைத்துவிடாதீர்கள்.

பாதுகாப்பு என்றால் உங்கள் விஷயத்தில் முதலில் போன். அவர் தொடாத ஒரு போனில், அவருக்குத் தெரியாத புதிய மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்குங்கள். பிறகு உங்கள் கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன, மீட்பு எண் யாருடையது, மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு யாருக்குப் போகிறது, வாட்ஸ்அப்பில் இணைத்த கருவிகள் என்னென்ன என்று பாருங்கள். எதை நீக்கும் முன்னும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள், அது ஆதாரம். பலர் தவறவிடுவது குழந்தையின் டேப்லெட்டை. தகப்பனார் கணக்கில் அது இயங்கினால், நீங்கள் இருக்கும் இடம் அதன் வழியாகவே தெரியும். சம்பளத்துக்குப் புது வங்கிக் கணக்கு, ஆதாரில் உங்கள் எண், உங்கள் பெயரில் சிம். இவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டாம். பிடி நழுவுவது தெரிந்ததும் சிலர் அதிகம் சீறுவார்கள். அந்த வாரத்தில் தனியாக இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மகளோடு பேசுவதற்கென்றே ஒரு சாதாரண போன், தனி சிம். மாலை 7 முதல் 7.30 வரை மட்டும் ஆன் செய்து, பேச்சு முடிந்ததும் அணைத்து அலமாரியில் வையுங்கள். ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு இருந்தால் வக்கீலிடம் கேட்டபின் நேரத்தை மாற்றுங்கள். ஞாயிறு சந்திப்பில் உங்கள் அப்பாவோ அக்காவோ உடன் இருக்கட்டும்.

அடுத்து உடல். படபடப்பு வரும்போது 'பயப்படாதே' என்று மனதுக்குச் சொல்லிப் பயனில்லை. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள்: 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். இன்று என்ன தேதி, யார் வீடு, கதவு எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் நேரத்திலேயே நாளுக்கு 2 முறை பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும். இந்தத் தயாரிப்புக்கு வாரம் ஒன்றாக 4 முதல் 8 அமர்வு போதும். 'நீங்கள் இன்னும் தயாராகவில்லை' என்று 6 மாதம் மூச்சுப் பயிற்சியிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் தவறுதான்.

பிறகு முதன்மைச் சிகிச்சை. எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டீர்கள். முறையைப் பொறுத்தது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையில், 90 நிமிட அமர்வுகள் 8 முதல் 15 வரை, நினைவை விரிவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இ.எம்.டி.ஆர். முறையில் காட்சியை மனதில் நிறுத்தி, கண்ணை இடவலமாக அசைத்தபடி ஓட விடுவார்கள். அதிகம் பேச வேண்டாம். வருடக்கணக்கில் நீண்ட கொடுமைக்கு இன்னொரு முறை உண்டு: தரையில் ஒரு கயிற்றை வாழ்நாளாக விரித்து, கெட்டதற்குக் கல்லும் நல்லதற்குப் பூவும் வைத்து, வரிசையாகக் கதை சொல்லிப் போவது. பெட்ரிஷியா ரெசிக் என்ற உளவியலாளர் உருவாக்கிய 12 அமர்வு முறையில் சம்பவத்தை விவரிக்காமலே சிகிச்சை முடிக்கலாம். அது விட்டுச்சென்ற எண்ணங்களோடுதான் வேலை. உங்களுக்கு இதில் தொடங்குவது பொருந்தும் என்று நினைக்கிறேன். கணக்கு எழுதிப் பழகிய கை, அது ஒரு வசதி.

எப்படி நடக்கும் என்று அந்த ரசீதை வைத்தே பார்க்கலாம். தாளில் மூன்று பத்தி. நடந்தது: 'பால் வாங்கினேன், ரசீதை அப்பாவிடம் நீட்டினேன்.' மனதில் ஓடியது: 'கணக்குக் காட்டாவிட்டால் என்னை நம்ப மாட்டார்கள்.' உணர்வு: 'பயம், நூற்றுக்கு 70.' நடுப்பத்தியில் இருப்பதுதான் முடிச்சு. தெரபிஸ்ட் அதை மறுத்துப் பேச மாட்டார், கேள்வி கேட்பார். 9 வருடம் ஒரு ரூபாய் விடாமல் காட்டினீர்களே, எந்த மாதமாவது கணக்கு சரி என்று முடிந்ததா? எத்தனை முறை தணிக்கை செய்தாலும் ஆட்சேபணை தீராத கணக்கை உங்கள் ஆபீஸில் என்னவென்று நினைப்பீர்கள்? அப்பா ஒருமுறையாவது ரசீது கேட்டாரா? பதில்களை நீங்களே எழுதுவீர்கள். கடைசியில், 'கேட்டது பணத்துக்காக இல்லை, என்னை நிற்க வைக்க' என்பது போல உங்கள் வார்த்தையில் ஒரு வரி வரும். மறுபடி எண் போடும்போது பயம் 70-இலிருந்து 45-க்கு வந்தால் அந்த வாரத்துக்கு அது போதும். பூஜ்யத்தை எதிர்பார்த்து, வரவில்லை என்று சோர்ந்து விடுகிறவர்கள் நிறைய. பிந்தைய அமர்வுகளில் பாதுகாப்பு, நம்பிக்கை, அதிகாரம், சுயமதிப்பு, நெருக்கம் என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அதிகாரம் என்ற தலைப்பில்தான் உங்களுக்கு நேரம் பிடிக்கும். அங்கே அவசரப்படுத்தினால் 'இன்னும் 2 வாரம் வேண்டும்' என்று கேளுங்கள்.

போன் பயத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. உங்கள் சொந்த போனை அடுத்த அறையில் 5 நிமிடம் வைத்துவிட்டு இந்த அறையில் இருங்கள். பயத்துக்கு எண் போடுங்கள். 3 நாள் கழித்து 10 நிமிடம், பிறகு 20. இதில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறது: பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிப்போய் எடுத்துவிடுவது. எடுத்ததும் நெஞ்சு அமைதியாகும். 'எடுத்ததால்தான் தப்பித்தாய்' என்று மூளை குறித்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும். குறித்த நேரம் முடியும்வரை இருந்துவிட்டு எடுங்கள். ஒரு நிபந்தனை: அவர் இன்னும் நாளுக்கு 30 முறை அழைத்து மிரட்டுகிறார் என்றால் இந்தப் பயிற்சி வேண்டாம். உண்மையான ஆபத்துக்குப் பழக்கப்படுத்துவது சிகிச்சை ஆகாது. அதற்குப் புகாரும் பாதுகாப்பு உத்தரவும்தான் வழி.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, மேலே சொன்ன முறைகளில் எதில் பயிற்சி, இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள். ஆனால் படிப்பைவிட நுட்பமான ஆபத்து உங்கள் பக்கத்திலிருந்தே வரும். எதிரே இருப்பவரின் முகம் பார்த்து நடக்க 9 வருடம் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள். வீட்டுப்பாடத்தைப் பிழையில்லாமல் செய்வீர்கள், 'இப்ப பரவாயில்ல மேடம்' என்பீர்கள், பிடிக்காத கேள்விக்கும் பதில் சொல்வீர்கள். அவர் மகிழ்வார், நோய் அப்படியே இருக்கும். எனவே முதல் 4 அமர்வுக்குள் ஒரு முறையாவது மறுத்துப் பாருங்கள். 'இதைப் பற்றி இன்று பேச வேண்டாம்' என்றோ, 'வியாழன் வேண்டாம், சனி வைக்கலாமா' என்றோ சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்காமல் ஏற்று, மறுத்தது எப்படி இருந்தது என்று கேட்டால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமல் அம்மாவுக்கு போன் செய்பவர், கணவரைக் கூப்பிட்டுப் பேசுபவர், மன்னிக்கச் சொல்பவர், 'நான் சொல்றபடி செய்யுங்க' என்பவர் வேண்டாம். முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் திரும்பி வருகிறதா என்பதை வைத்தே எந்தச் சிகிச்சையையும் நான் அளப்பேன். அதையும் பிடுங்கிக்கொள்ளும் சிகிச்சை, எவ்வளவு அன்பாக நடந்தாலும், பழைய வீட்டின் இன்னொரு அறைதான்.

'சிகிச்சைக்குப் போனால் பைத்தியம் என்று சொல்லி மகளைப் பறித்துவிடுவாரோ' என்ற பயம் பலரைத் தடுக்கிறது. நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆனாலும் நீதிமன்றம் கேட்டால் பதிவுகள் வெளியே போகலாம். எனவே குறிப்பில் என்ன எழுதுவார், எங்கே வைப்பார் என்று முதல் நாளே கேளுங்கள்.

மொத்தம் எவ்வளவு நாள்? வாரம் ஒரு முறை போனால் தயாரிப்பும் முதன்மைச் சிகிச்சையும் சேர்த்து 5 முதல் 7 மாதம் என்று திட்டமிடுங்கள். பிறகு மாதம் ஒரு முறை கொஞ்ச காலம். கோர்ட் வாய்தா வரும் வாரத்தில், திருமண நாளில், அவர் திடீரென இனிமையாகும் நாளில் எல்லாம் திரும்பிவிட்டது போலத் தோன்றும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே காலண்டரில் குறித்து, அந்த வாரம் அக்காவை வரச் சொல்லுங்கள். அக்காவுக்கு இன்றே ஒரு போன் போடலாம். 9 வருடத்துக்கு விளக்கம் வேண்டாம், 'எப்படி இருக்க?' போதும்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் 14416 இரவும் பகலும் தமிழில் பேசும். மிரட்டல் வந்தால் 112. பெண்கள் உதவிக்கு 181. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசனையும் குறுகிய காலத் தங்கலும் உண்டு. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

கடைசியாக மகள். அவள் கேட்டதும் நீங்கள் உறைந்திருப்பீர்கள். அடுத்த முறை கேட்டால், நீண்ட விளக்கமும் அப்பாவைப் பற்றிய குறையும் வேண்டாம். அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து, "இல்ல கண்ணு, அம்மா சாப்பாட்டை யாருக்கும் போட்டோ அனுப்ப வேண்டியதில்ல. நீயும் அனுப்ப வேண்டியதில்ல" என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு பேரும் சாப்பிடுங்கள். அடுத்த வாரமும் கேட்டால் அதே வரியை அதே குரலில் சொல்லுங்கள். ராத்திரியில் பயந்து எழுவது, படுக்கை நனைப்பது, பள்ளிக்குப் போக அழுவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அவளுக்கும் தனியாக ஒரு குழந்தை உளவியல் நிபுணரைப் பாருங்கள்.